14 ஜெர்சி, ஒரு இடது கை: ரிச் ஹில் போன வழியில்

புதன், சிகாகோ

ரிக்லி ஃபீல்டில் இன்று பகலாட்டம். 1914-இல் கட்டிய மைதானம். 1988 ஆகஸ்ட் வரைக்கும் இங்கே விளக்கே கிடையாது, அதனால் வேலை நாளில் மதியம் உட்கார்ந்து பேஸ்பால் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் சகஜம். ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கி, கூட்டம் நகரும் பக்கம் நகர்ந்தால் போதும். உள்ளே போனதும் கண்ணில் படுவது, மைதானத்தின் கோடிச் சுவர் முழுக்கப் படர்ந்த பச்சைக் கொடி. அதற்கு மேலே பெரிய ஸ்கோர்போர்டு. அதில் எண்களை இன்னமும் ஆட்கள்தான் உள்ளே இருந்து மாற்றுகிறார்கள்.

நான் வந்தது ரிச் ஹில் என்ற இடது கை பிட்சருக்காக, அதாவது பந்து வீசுபவருக்காக. இன்றைய ஆட்டத்தில் அவர் இல்லை. ஆனால் 2025 ஜூலை 22 அன்று, 45 வயதில், கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் சட்டையோடு இதே மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) நின்று பந்து வீசினார். பெரிய லீக், அதாவது மேஜர் லீக் என்ற உச்ச நிலைப் போட்டியில், ராயல்ஸ் அவருக்கு 14-ஆவது அணி. அவருக்கு முன்பு 14 அணிகளுக்கு ஆடியவர் எட்வின் ஜாக்சன் ஒருவர்தான். அன்று ஹில் ஐந்து இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். ராயல்ஸ் 6-0 என்று தோற்றது. அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம், அதிலும் தோல்வி, மறுநாளே அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ராயல்ஸோடு அவருடைய கதை அவ்வளவுதான்.

அன்று எதிரணியாக இருந்த சிகாகோ கப்ஸ்தான் அவருடைய முதல் அணி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை, புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2002-இல் நான்காம் சுற்றில் எடுத்தார்கள். 2005 ஜூனில் பெரிய லீகுக்கு வந்தார். 2007-இல் 32 ஆட்டங்களை முதல் பிட்சராகத் தொடங்கி, அவர் கணக்கில் 11 வெற்றி. 27 வயது, நல்ல கர்வ்பால் (காற்றிலேயே வளைந்து விழும் பந்து), இடது கை. இனி பத்து வருடத்துக்கு இவன் நம்ம ஆள் என்று இந்த ஊர் நினைத்திருக்கும்.

பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பென்சிலும் அட்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். "ஹில்லா? 2008-இல் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியவில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது" என்றார். உண்மைதான். அந்த வருடம் ஐந்து ஆட்டங்களில் இருபது இன்னிங்ஸுக்கும் குறைவாகவே வீசி, குறி தவறிய பந்துகளால் 18 பேரை இலவசமாக முதல் பேஸுக்கு நடக்க விட்டார். பெரிய லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். 2009 பிப்ரவரியில் பால்டிமோர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே தோள்பட்டை போனது. அறுவை சிகிச்சை. 2011-இல் முழங்கைக்கு டாமி ஜான் சிகிச்சை, அதாவது அறுந்த தசைநாரை எடுத்துவிட்டு உடம்பின் வேறிடத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து தைப்பது.

14 அணி என்றதும் எல்லாரும் அணிகளை வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த வரிசையைவிட அதன் நடுவே உள்ள இடைவெளிகள்தான் முக்கியம். ஒரு அணி வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து இன்னொரு அணி கூப்பிடும் நாள்வரை அந்த மனிதர் எங்கே இருந்தார், என்ன செய்தார்? பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கை அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இந்தப் பயணத்தில் பெரிய மைதானங்கள் குறைவு. ஒரு சின்ன ஊர் மைதானம், இடித்துப் போட்ட ஒரு மைதானம், அவர் பிறந்து வளர்ந்த பக்கம், இவைதான் அதிகம்.

மாலை யூனியன் ஸ்டேஷனில் பிட்ஸ்பர்க் ரயில். இதை ரயிலில் உட்கார்ந்துதான் ஏற்றுகிறேன். சிக்னல் வந்து வந்து போகிறது.


வியாழன், பிட்ஸ்பர்க்

ரயில் விடியும் முன்பே இறக்கிவிட்டுவிட்டது. தங்குமிடத்தில் பையைப் போட்டுவிட்டு, வெளிச்சம் வந்ததும் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்துக்கு நடந்தேன். மஞ்சள் வண்ண இரும்புப் பாலம். அலெகெனி ஆற்றைத் தாண்டினால் எதிரே பிஎன்சி பார்க், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் மைதானம். 2001-இல் திறந்தது. அமெரிக்காவின் அழகான பேஸ்பால் மைதானம் எது என்று கேட்டால் நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நானும் இனி இதைத்தான் சொல்வேன். இருக்கையில் உட்கார்ந்தால் ஆறு, பாலம், நகரத்துக் கட்டடங்கள் எல்லாம் ஒரே பார்வையில். வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம், பைரேட்ஸின் பழைய நட்சத்திரம் கிளெமென்டேயின் சட்டை எண் 21.

ஹில்லின் வாழ்க்கையில் மிகச் சிறந்த இரவும் மிகக் கொடுமையான இரவும் ஒன்றுதான், அது இந்த மைதானத்தில் நடந்தது.

2017 ஆகஸ்ட் 23. அப்போது அவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில். எட்டு இன்னிங்ஸ் வரை பைரேட்ஸ் அணியில் ஒருவர்கூட முதல் பேஸை எட்டவில்லை. 24 பேர் வந்தார்கள், 24 பேரும் அவுட். இன்னும் மூன்று பேரை வீழ்த்தினால் பர்ஃபெக்ட் கேம், எதிரணியில் ஒருவரும் பேஸை எட்டாத முழு ஆட்டம். 1870-களில் தொடங்கி இன்றுவரை பெரிய லீகில் 24 முறைதான் அது நடந்திருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் ஆள் ஜோர்டி மெர்சர் அடித்த பந்து தரையோடு மூன்றாவது பேஸ் பக்கம் வந்தது. லோகன் ஃபோர்சைத் தடுமாறினார். பந்து கையில் நிற்கவில்லை. பர்ஃபெக்ட் கேம் அங்கேயே போனது. ஆனாலும் அது ஃபோர்சைத்தின் தவறுதான், அடித்தவர் சம்பாதித்த ஹிட் இல்லை. ஒரு ஹிட்டும் கொடுக்காத ஆட்டம், அதாவது நோ-ஹிட்டர், உயிரோடுதான் இருந்தது. அடுத்தடுத்து வந்தவர்களை வீழ்த்தி இன்னிங்ஸை முடித்தார்.

சிக்கல் என்னவென்றால், டாட்ஜர்ஸும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 0-0. ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. ஹில்லே மறுபடி மவுண்டுக்கு வந்தார். ஜோஷ் ஹாரிசன் முதல் ஆள். இடது கோடிச் சுவரை ஒட்டித் தாண்டியது பந்து. அந்த ஒரே ஹிட் ஹோம்ரன், அந்த ஹோம்ரனே ஆட்டத்தின் முடிவு. ஹில் வீசியது 99 பந்துகள், பத்து ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்கவிடாமலே எடுக்கும் அவுட்), ஒருவரையும் இலவசமாக நடக்க விடவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே தோல்வி என்று இருக்கிறது.

நான் இன்று உட்கார்ந்தது அந்த இடப்பக்கம்தான். சுவருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து அளந்து பார்த்தேன். ஒரு கை நீளம் குறைந்திருந்தால் பிடித்திருப்பார்கள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்கு முந்தைய வருடமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2016 செப்டம்பர் 10, மயாமி. ஏழு இன்னிங்ஸ் பர்ஃபெக்ட். 89 பந்துதான் வீசியிருந்தார். மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவரை வெளியே எடுத்துவிட்டார். காரணம், இடது கை நடுவிரலில் வரும் கொப்புளம். கர்வ்பால் வீசுபவர்களுக்குப் பந்தின் தையல்தான் பிடிமானம், நடுவிரல் அந்தத் தையலை இழுத்துச் சுண்டித்தான் சுழற்சியைக் கொடுக்கிறது. பந்தை அதிகம் வளைக்க வளைக்க விரல் தோல் தேயும். அந்தக் கோடைக்காலத்தில் பல வாரங்கள் ஹில் ஆடாமல் இருந்ததே அந்தக் கொப்புளத்தால்தான். ராபர்ட்ஸை அன்று நிறையப் பேர் திட்டினார்கள். பிளேஆஃப் நெருங்கும் நேரத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனால் 36 வயதில் ஒரு மனிதர் அதற்கு அவ்வளவு அருகில் போய்விட்டுத் திரும்பியதை நினைத்தால் ராபர்ட்ஸின் நியாயம் ஆறுதலாக இல்லை.

இந்த ஊருக்கு இப்படி ஒரு பழைய கணக்கும் உண்டு. 1959 மே 26 அன்று பைரேட்ஸின் ஹார்வி ஹாடிக்ஸ் மில்வாக்கியில் 12 இன்னிங்ஸ் பர்ஃபெக்டாக வீசி, 13-ஆவதில் தோற்றார். அவரும் இடது கைக்காரர்தான்.

ஹில் 2023-இல் பைரேட்ஸுக்கே ஆட வந்தார். 43 வயது. அந்த ஆகஸ்ட் முதல் தேதி சான் டியாகோவுக்கு மாற்றப்படும்வரை இதே மவுண்டில்தான் வேலை. முதல் ஆட்டத்தன்று மவுண்டிலிருந்து அந்த இடப்பக்கச் சுவரைப் பார்த்திருப்பாரா? நான் பார்த்திருப்பேன்.


வெள்ளி, ரயிலில்

பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் ரயிலில் பகல் முழுக்கப் பயணம். அல்டூனாவுக்குப் பக்கத்தில் ஹார்ஸ்ஷூ கர்வ் என்ற இடத்தில் ரயில் மலையை வளைத்துக்கொண்டு திரும்பும்போது நம் ரயிலின் முன்பகுதியை ஜன்னல் வழியே நாமே பார்க்கலாம். 1854-இல் போட்ட பாதை. மற்றபடி இன்று பார்க்க ஒன்றும் இல்லை. அதனால் நேற்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்த நண்பருக்குப் பதில்: "நீக்குவது" என்றால் என்ன?

பெரிய லீக் அணி ஒவ்வொன்றிலும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. புதிதாக ஒருவரைச் சேர்க்க இடம் வேண்டுமென்றால் இருக்கிற ஒருவரை எடுத்தாக வேண்டும். அதற்கு டிஎஃப்ஏ (designated for assignment) என்பார்கள். அப்படி எடுத்தால் ஏழு நாளுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றலாம், வேறு அணி விரும்பினால் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் மைனர் லீகுக்கு அனுப்பலாம், அல்லது விடுவிக்கலாம். அந்த ஏழு நாள் அந்த ஆட்டக்காரர் எங்கும் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்வதா வேண்டாமா, பிள்ளையின் பள்ளியில் என்ன சொல்வது, எதுவும் தெரியாது. நட்சத்திரங்களுக்கு நீண்ட ஒப்பந்தம் இருக்கும். பட்டியலின் ஓரத்தில் இருப்பவருக்கு இதுதான் வாழ்க்கை.

2014-இல் ஹில் பட்ட பாட்டைப் பாருங்கள். ஜூலை முதல் தேதி பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரைக் கலிஃபோர்னியாவில் உள்ள ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தது. அங்கே இரண்டு ஆட்டங்களில் இறக்கினார்கள். நான்கு பேருக்குப் பந்து வீசினார், ஒருவரையும் அவுட் ஆக்கவில்லை. நீக்கிவிட்டார்கள். அவருடைய 14 அணிகளில் ஒன்றில், அவர் ஒரு அவுட்கூட எடுத்ததில்லை! அந்த மாதமே நியூயார்க் யாங்கீஸ் எடுத்துக்கொண்டது.

எட்வின் ஜாக்சன் கதை இன்னும் விசித்திரம். ஜெர்மனியில் நோய்-உல்ம் என்ற ஊரில், அமெரிக்க ராணுவத்தில் இருந்த அப்பாவுக்குப் பிறந்தவர். 20-ஆவது பிறந்தநாள் அன்று பெரிய லீகில் முதல் ஆட்டம், எதிரே பெயர்பெற்ற பிட்சர் ராண்டி ஜான்சன், வெற்றி. 2010 ஜூன் 25 அன்று அரிசோனாவுக்காக 149 பந்து வீசி நோ-ஹிட்டர் எடுத்தார். எட்டுப் பேரை நடக்க விட்டும் ஒரு ஹிட் கொடுக்கவில்லை. 2011 ஜூலை 27 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை டொரொன்டோவுக்குக் கொடுத்தது, டொரொன்டோ அன்றே செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டது. அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. அன்று சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாத டொரொன்டோவுக்கு 2019-இல் நிஜமாகவே ஆடப் போனார். அதுதான் அவருக்கு 14-ஆவது.

பென் ஸ்டேஷனில் அக்கா மகன் வந்து நின்றான். நியூ ஜெர்சியில் பள்ளி அணிக்குப் பிட்சர். வலது கை. திங்கள்வரை என்னோடு வருகிறான்.


சனி, சென்ட்ரல் ஐஸ்லிப்

நான் மிகவும் ஆசைப்பட்ட இடம் இது.

லாங் ஐலண்ட் ரயில் ரோடில் ரான்கன்கோமா வண்டி பிடித்து சென்ட்ரல் ஐஸ்லிப்பில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி. அகலமான சாலைகள், கார் நிறுத்துமிடங்கள், நீதிமன்றத்தின் மிகப் பெரிய வெள்ளைக் கட்டடம். அதன் பக்கத்தில் லாங் ஐலண்ட் டக்ஸ் அணியின் மைதானம். சுமார் 6,000 பேர் உட்காரலாம். டக்ஸ் ஆடுவது அட்லாண்டிக் லீகில். இந்த லீக் எந்தப் பெரிய அணியின் மைனர் லீக் ஏணியிலும் இல்லை, தனி. அதாவது இங்கே நன்றாக ஆடினால் மேலே தூக்கிவிட யாருக்கும் கடமை இல்லை. பெரிய லீகில் பேர் வாங்கியவர்கள் கடைசி முயற்சியாக வரும் இடம். டான்ட்ரெல் வில்லிஸ்கூட இங்கே வந்து வீசியிருக்கிறார்.

2015 ஜூனில் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஹில்லை விடுவித்தது. அப்போது அவர் அவர்களுடைய டிரிபிள்-ஏ (பெரிய லீகுக்கு ஒரு படி கீழே உள்ள மைனர் லீக்) அணியான சிராக்யூஸில் இருந்தார். வயது 35. ஐந்தாறு வருடமாக அவர் ரிலீவர்தான். ஆட்டத்தின் பின்பகுதியில் வந்து, இடது கை ஆட்டக்காரர் ஒருவர் இருவருக்குப் பந்து வீசிவிட்டுப் போகும் வேலை. அந்த வேலைக்காகவே 2010 வாக்கில் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசப் பழகியிருந்தார். விடுவித்தபின் சொந்த ஊருக்குப் போனார். ஓய்வு பெற்றிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் முடிவு செய்தது வேறு: கையை மறுபடி மேலே தூக்கி, முதல் பந்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டராக ஆக வேண்டும். எந்தப் பெரிய அணியும் இதைக் கேட்கவில்லை. டக்ஸ் ஒப்புக்கொண்டது.

அப்போது இந்த மைதானத்துக்கு பெத்பேஜ் பால்பார்க் என்று பெயர். இரண்டு ஆட்டங்களைத் தொடங்கினார். 11 இன்னிங்ஸ். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 33 அவுட்டில் 21 ஸ்ட்ரைக்அவுட்.

இந்த எண்ணை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. மைதானம் அவ்வளவு சாதாரணம். வாத்துச் சத்தம் எழுப்பும் ஊதலைப் பிள்ளைகள் விடாமல் ஊதுகிறார்கள். இன்னிங்ஸுக்கு நடுவே சிறுவர்களைக் கூப்பிட்டு ஓட்டப்பந்தயம் வைக்கிறார்கள். குடும்பங்கள் சாப்பிட வருகிறார்கள், ஆட்டத்தைப் பாதிப் பேர் பார்ப்பதில்லை. 2007-இல் ரிக்லியில் பிளேஆஃப் ஆட்டத்தைத் தொடங்கிய ஒருவர் எட்டு வருடம் கழித்து இந்த ஊதல் சத்தத்துக்கு நடுவே நின்று, ஒவ்வொரு பந்தையும் உயிர் போகிற காரியமாக வீசியிருக்கிறார்.

முதல் வரிசையில் ஒரு தம்பதி. ஆரம்பக் காலத்திலிருந்தே சீசன் டிக்கெட் வாங்குகிறவர்களாம். ஹில் வீசியதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இரண்டாவது ஆட்டம் பார்த்தோம். கேட்சரைத் தவிர மற்றவர்களுக்கு வேலையே இல்லை" என்றார் அந்த அம்மா.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் டாக்ஸிக்காகக் காத்திருந்தபோது பையன் பையிலிருந்து பந்தை எடுத்தான். கர்வ்பாலை எப்படிப் பிடிப்பது என்று எனக்குக் காட்டச் சொன்னேன்.

"மாமா, நீங்க ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க. உள்ளங்கையில படவே கூடாது."

நடுவிரலைத் தையலின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்தான். ஆள்காட்டி விரல் பக்கத்தில் சும்மா சாய்ந்திருந்தது. கட்டைவிரல் அடியில், எதிர்த் தையலில். சிவப்பு நூல் கொஞ்சம் மேலெழும்பியிருப்பது விரல் நுனிக்குத் தெரிகிறது. விடும் நொடியில் கை பந்துக்குப் பின்னால் இருக்கக் கூடாதாம், பக்கவாட்டில் வந்து நடுவிரல் முன்பக்கமாக இழுக்க வேண்டுமாம். அப்போது பந்தின் மேல்பக்கம் முன்னோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி காற்றைத் தள்ளும் விதத்தில் பந்து கீழே அமுங்கும். கிரிக்கெட்டில் டாப்ஸ்பின்னர் சட்டென்று விழுமே, அதே விதிதான், ஆனால் இங்கே தரையில் குத்துவதே இல்லை, எல்லாம் காற்றிலேயே நடந்தாக வேண்டும். மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். ஹில்லின் கர்வ்பால் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவில் வரும், ஃபாஸ்ட்பாலே 145 கிலோமீட்டர்தான். இந்தக் காலத்தில் 160-ஐத் தொடுகிறவர்கள் சாதாரணமாக இருக்கிறார்கள். வேகத்தில் அவரால் யாரையும் பயமுறுத்த முடியாது.

"எங்க கோச் சொல்வாரு, ஹில் வீசுறப்போ ஃபாஸ்ட்பாலும் கர்வும் ஒரே இடத்துல இருந்து கிளம்பும், அடிக்கிறவனுக்குப் பாதி வழி வரைக்கும் எதுன்னே தெரியாதுன்னு" என்றான். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற வேலியை நோக்கி ஒன்று வீசிக் காட்டினான். கொஞ்சம் வளைந்தது. நடுவிரலைப் பார்த்தேன். நுனியில் தோல் தடித்து மஞ்சளாக இருந்தது.


ஞாயிறு, பாவ்டக்கெட்

போர்ட் ஜெஃபர்சனிலிருந்து பிரிட்ஜ்போர்ட்டுக்குக் கடலில் ஃபெர்ரி, ஒன்றேகால் மணி நேரம். நல்ல காற்று. 1883-இல் தொடங்கிய கம்பெனி, சர்க்கஸ் புகழ் பார்னம் அதன் நிறுவனர்களில் ஒருவர். அங்கிருந்து ரயிலில் பிராவிடென்ஸ், பிறகு பாவ்டக்கெட்.

2015 ஆகஸ்டில் ஹில்லும் லாங் ஐலண்டிலிருந்து இங்கேதான் வந்தார். ரெட் சாக்ஸ் மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது. அவர்களுடைய டிரிபிள்-ஏ அணி அப்போது இந்த ஊரில், மெக்காய் ஸ்டேடியத்தில் இருந்தது. 1942-இல் திறந்த மைதானம். தொழில்முறை பேஸ்பாலில் மிக நீளமான ஆட்டம் நடந்ததும் அங்கேதான்: 1981 ஏப்ரல் 18 இரவு தொடங்கி, விடியற்காலை 32 இன்னிங்ஸில் நிறுத்தி, ஜூன் 23 அன்று மறுபடி கூடி 33-ஆவது இன்னிங்ஸில் முடித்தார்கள். பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான வேட் போக்ஸும் கேல் ரிப்கனும் அதில் ஆடினார்கள்.

இப்போது மைதானம் இல்லை. அணி 2021-இல் உஸ்டருக்குப் போய்விட்டது. 2025-இல் இடித்தார்கள். அந்த இடத்தில் புதிய உயர்நிலைப் பள்ளி வருகிறது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். எங்கே மவுண்டு இருந்திருக்கும் என்று பையன் கைப்பேசியில் பழைய வரைபடத்தை வைத்துத் தேடினான்.

பக்கத்துத் தெருவில் நாயோடு நடந்து வந்த ஒருவர் நின்று பேசினார். மெக்காயில் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் தரையோடு, பார்வையாளர் இருக்கைகளுக்கு நேர் கீழே இருந்ததால் மேலிருந்து எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனின் பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்களாம். ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டுக் கயிற்றை இழுத்துவிட்டால் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். "என் மகளிடம் ஒரு பெட்டி நிறையப் பந்து இருக்கிறது. பாதிக் கையெழுத்து யாருடையது என்று தெரியாது" என்றார். அதில் ஹில்லுடையதும் இருக்கலாம் என்று பையன் சொன்னதும் அவர் மகளுக்கு அங்கேயே செய்தி அனுப்பினார்.

இந்த மைதானத்தில்தான் பிரையன் பேனிஸ்டர் ஹில்லிடம் பேசினார். பேனிஸ்டரும் பெரிய லீகில் பிட்சராக இருந்தவர், அப்போது ரெட் சாக்ஸுக்காகப் பந்துவீச்சுப் புள்ளிவிவரங்களை ஆராயும் வேலையில் இருந்தார். அவர் சொன்னதன் சாரம்: உன் கர்வ்பால் மிகச் சிறந்தது, ஆனால் போதுமான அளவு வீசுவதில்லை. ஃபாஸ்ட்பால் முதலில், கர்வ் எப்போதாவது என்ற பழைய பாடத்தை விட்டுவிடு. பாதிக்குப் பாதி வீசு. ஒரே மாதிரி வீசாதே, வேகத்தையும் வளைவையும் கோணத்தையும் மாற்று.

இதைக் கேட்டால் எளிது. ஆனால் ஒருவர் 13 வருடமாகத் தொழிலில் இருக்கிறார், கையில் இருந்த ஒரே சொத்தை அளந்து அளந்து செலவு செய்துவந்திருக்கிறார். எல்லாப் பயிற்சியாளர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 35 வயதில் ஒரு ஆள் வந்து, எல்லாவற்றையும் எடுத்துச் செலவு செய் என்கிறார். ஹில் அதைக் கேட்டார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. டக்ஸுக்குப் போய்க் கையை மேலே தூக்கியிராவிட்டால், அந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.


திங்கள், மில்டன், பாஸ்டன்

ஆஷ்மான்ட் நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி மட்டபன் டிராம் ஏற வேண்டும். 1940-களில் செய்த ஆரஞ்சும் வெண்மையுமான பெட்டிகள் இன்னமும் ஓடுகின்றன. மில்டன் நிறுத்தம் நெப்போன்செட் ஆற்றங்கரையில். அமைதியான ஊர், பெரிய மரங்கள். ஹில் பாஸ்டனில் பிறந்து இங்கே வளர்ந்தவர். விடுவித்த ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது இங்கேதான். அவர் வீட்டைத் தேடிப் போகவில்லை, அது முறையும் இல்லை. பொதுப் பூங்காவில் இருந்த பேஸ்பால் திடலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பையன் சிறுவர்களோடு பந்து எறிந்து விளையாடினான்.

ஹில்லும் அவர் மனைவியும் 2014 பிப்ரவரியில் தங்கள் கைக்குழந்தை புரூக்ஸை இழந்தார்கள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூளையிலும் சிறுநீரகத்திலும் பிறவிக் கோளாறு. அந்த வருடம்தான் ரெட் சாக்ஸ், ஏஞ்சல்ஸ், யாங்கீஸ் என்று அலைந்த வருடம். நான்கு பேரில் ஒருவரையும் அவுட் ஆக்காத வருடம். பிறகு பணம் வந்தபோது, அரிய மரபணு நோய்களை ஆராய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கணவனும் மனைவியும் 5,75,000 டாலர் கொடுத்தார்கள்.

மாலை ஃபென்வே பார்க். ரெட் சாக்ஸ் வெளியூரில் இருப்பதால் உள்ளே சுற்றிக்காட்டும் டூரோடு சரி. பச்சைச் சுவருக்கு மேல் உட்கார வைத்து வழிகாட்டி பழைய கதைகள் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது 2015 செப்டம்பர்.

பாவ்டக்கெட்டில் ஐந்து ஆட்டம் ஆடியதும் மேலே கூப்பிட்டார்கள். செப்டம்பர் 13, தம்பா பே. பெரிய லீகில் ஸ்டார்ட்டராக அவர் இறங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஏழு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், பத்து ஸ்ட்ரைக்அவுட். செப்டம்பர் 25, இதே ஃபென்வே, எதிரே தோள்பட்டை போன காலத்தில் அவர் இருந்த பால்டிமோர். ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசினார். இரண்டு ஹிட், பத்து ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்னும் இல்லை. அந்த மாதம் நான்கு ஆட்டங்களில் மொத்தம் 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்அவுட். ஓக்லண்ட் ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. 2016 டிசம்பரில் டாட்ஜர்ஸ் மூன்று வருடத்துக்கு 4.8 கோடி டாலர் கொடுத்தது. ஊதல் சத்தத்துக்கு நடுவே வீசிய அந்த 11 இன்னிங்ஸுக்கும் இதற்கும் நடுவே இருந்தது 16 மாதம்.

2024 வசந்தத்தில் அவர் எந்த அணியிலும் சேரவில்லை. மகனின் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆகஸ்டில் 44 வயதில் ரெட் சாக்ஸுக்கு மறுபடி வந்தார். நான்கு ஆட்டம், அப்புறம் விடுவிப்பு. அடுத்த மே மாதம் ராயல்ஸின் மைனர் லீக் ஒப்பந்தம். பணத்துக்காக இல்லை என்பது தெளிவு.

ரயிலுக்கு நேரம் இருந்தது. லான்ஸ்டவுன் தெருவில் நின்று சாசேஜ் வாங்கிச் சாப்பிட்டோம்.

"மாமா, ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்குமா அவருக்கு?"

"கிடைக்காது. 90 வெற்றிதான். 76 தோல்வி."

"2015 செப்டம்பர்ல ஆடின அந்த நாலு ஆட்டத்துக்கு மட்டும் ஓட்டுப் போடச் சொன்னா?"

"நான் போடுவேன்."

"நான் டக்ஸ் ஆட்டம் ரெண்டையும் சேர்த்துக்குவேன்" என்றான். அட்லாண்டிக் லீக் ஆட்டங்கள் கணக்கில் வராது என்றேன். ஏன் வராது என்று அவன் வாதாட ஆரம்பித்தான். சவுத் ஸ்டேஷன் வரும்வரை விடவில்லை, கடைசியில் நானே அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.